கோரும் தொகை

விண்ணப்பத்தின் ஏழாம் கட்டத்தில்
பூஜ்யம் என்று எழுதியிருந்தாள் ஒடெட் பெல்ஃப்ளர்.
கணினி ஏற்கவில்லை.
சிவப்பில் மின்னியது: தொகையைக் குறிப்பிடவும்.

பதினாறு வருஷமாக
போர்ட்லண்டில், துறைமுகம் தெரியும் ஆறாம் மாடியில்,
லோரிங் அறக்கட்டளைக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பவள் நான்.
கேட்பவர்களை எனக்குத் தெரியும்.
கூரை ஒழுகும் தேவாலயம்,
தீயணைப்பு வண்டி இல்லாத தீவு,
நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று டிரம்பெட் வைத்திருக்கும் பள்ளி.
உங்கள் அரிய பணி கண்டு நெகிழ்கிறோம் என்று தொடங்கும்
மறுப்புக் கடிதத்தை எழுதியதும் நானே.
"ஆயினும்" எந்த வரியில் வரவேண்டும் என்பதில்
எனக்கு நல்ல தேர்ச்சி.

பணம் வேண்டாம் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

அவளுக்கு வேண்டியது ஒரு பட்டியல்.
ஐம்பத்தொன்று முதல் எழுபத்து நான்கு வரை
லோரிங் காகித ஆலை
எங்கள் ஊருக்கு மேலே, வளைவில்,
இரவுப் பணியின்போது ஆற்றில் திறந்துவிட்டது என்னென்ன?
பெயர்கள் போதும்.
மருத்துவர் கேட்கிறார், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.
எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது பேர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட்டவர்கள் அவர்கள்.
பீப்பாய்க் கணக்கு, தேதி, மேற்பார்வையாளர் கையெழுத்து.
கீழ்த்தளத்தில்
நூற்றுப் பதினான்காம் பெட்டியிலிருந்து நூற்று முப்பத்தொன்று வரை.
எப்படித் தெரியும் என்றால்
அந்தப் பெட்டிகளுக்கு எண் ஒட்டியவள் நான்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
நான் படித்தது லோரிங் பணத்தில்.
அம்மாவின் இடுப்பெலும்பை மாற்றியது லோரிங் பிரிவில்,
ஜன்னலோரப் படுக்கை, ஒரு காசு வாங்கவில்லை.
இந்த மாநிலத்தில் எத்தனையோ சிற்றூர் நூலகங்களில்
ஜனவரியில் கணப்பு எரிவது அவர்கள் தயவில்.
கெட்டவர்கள் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை;
பற்களைச் சீராக்கித் தந்ததும் அவர்கள்தாம்.

முன்கூடத்து எண்ணெய்ச் சித்திரத்தில்
பிரஸ்காட் லோரிங் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்.
அதே ஆறு. ஆலைக்கு மேற்புறம்.

கட்டத்தில் ஒன்று என்று தட்டினேன்.
ஒரு டாலர்.
பச்சை ஒளிர்ந்தது. விண்ணப்பம் மேலே போயிற்று.

அக்டோபர் கூட்டம். ஒன்பது பேர், ஒரு தட்டு பேரிக்காய்.
பேத்தி கான்ஸ்டன்ஸ் கடிதத்தை இருமுறை வாசித்தாள்,
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள்.
வழக்கறிஞர் மெல்லச் சொன்னார்:
ஆவணம் வழங்குவது நம் நோக்கங்களில் இல்லை.
நோக்கங்கள் நான்கு, சுவரில் சட்டமிட்டிருக்கிறது.
மூன்றாவது, நீர்வளம்.
யாரோ இருமினார்கள்.
தொகையாவது சின்னதுதானே என்றார் பொருளாளர்.
சிரித்தார்கள். நானும்தான்.
ஏகமனதாக அனுமதி.

காசோலையை அச்சிட்டேன்: ஒரு டாலர் மட்டும்.
கூடவே பயன்பாட்டு அறிக்கைப் படிவம்.
தொகை எதுவானாலும் அது கட்டாயம்.

பனி உருகியபின் ஒரு பொட்டலம் வந்தது,
பழைய செய்தித்தாளில் சுற்றி.
செலவினம்: மூடியுள்ள கண்ணாடிச் சாடி ஒன்று,
தேவாலயச் சந்தையில் வாங்கியது, எழுபத்தைந்து சென்ட்.
மீதம்: கால் டாலர், இத்துடன் ஒட்டப்பட்டுள்ளது.
முன்னேற்றம்: சாடி நிரப்பப்பட்டது.
பயனடைந்தோர் எண்ணிக்கை:
எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கோப்பில் சாடி நுழையாது.
என் மேசைமேல் நிற்கிறது.
மேலே தெளிவு, துறைமுகம் தலைகீழாகத் தெரியும் அளவுக்கு.
அடியில் ஒரு விரற்கடை, சாம்பல் நிறம்.
விடியலில் துப்புரவுக்கு வரும் ஹோதான்
மேசை துடைக்க அதை நகர்த்திவைப்பாள்.
நான் வரும்போது
இன்னும் கலங்கலாகவே இருக்கும்.

கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன்
அது அடங்கும்வரை.
கீழ்த்தளத்துச் சாவி இழுப்பறையில்,
கால் டாலருக்குப் பக்கத்தில்.